இருக்கட்டுங்க

மயிலாத்தாள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர் யாரும் போதும் என்று சொல்லித் தப்பித்ததாகச் சரித்திரம் கிடையாது. சொல்லிப் பார்க்கலாம். இலைக்கு மேல் இரண்டு கையையும் விரித்து மறைத்தும் பார்க்கலாம். விரல் இடுக்கு வழியாக நெய் இறங்கும். கிணத்துக்கடவுக்குத் தெற்கே, தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிற அந்த வீட்டுக்கு ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் முதல் தடவை "வேண்டாங்க" என்பார்கள், இரண்டாம் தடவை "இருக்கட்டுங்க" என்பார்கள், மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வார்கள். கேட்டதுமே கை நீட்டினால் சோற்றுக்கு அலைந்துபோனவர்கள் என்று பெயர் வந்துவிடும். அவர்கள் வேண்டாம் என்றதை நம்பி வீட்டுக்காரர்கள் சட்டியை உள்ளே எடுத்துப் போனாலோ, அது அதைவிடக் கேவலம். அவள் வீட்டுக்காரர் கந்தப்பன் இந்த வித்தையில் மன்னன். சர்க்கரை வியாதிக்காரர்களையே கெஞ்சிக் கெஞ்சி ஒப்புட்டு தின்ன வைத்த ஆள்.

இந்தப் பழக்கம் எந்த வாசல் வரைக்கும் செல்லும், எந்த வாசலோடு நின்றுவிடும் என்பதை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தை மாதம் குளிக்கும்போது இடது மார்பில் சுண்டைக்காய் மாதிரி ஒன்று கையில் தட்டுப்பட்டது. கோயமுத்தூருக்குப் போய்ப் படம் எடுத்து, ஊசியால் குத்திப் பார்த்து, புற்றுதான் என்றார்கள். ஆனால் ஆரம்பம். கட்டியை மட்டும் எடுத்தார்கள், அக்குளில் நெறிகட்டியையும் எடுத்துப் பார்த்தார்கள், அங்கே பரவவில்லை. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்லிவிட்டு ஒரு டஜன் சாத்துக்குடி வைத்துவிட்டுப் போனார். மயிலாத்தாளும் அப்படித்தான் நினைத்தாள். தையல் பிரித்ததும் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

அப்புறம்தான் டாக்டர் சைத்ரா கூப்பிட்டு உட்கார வைத்தாள். சின்னப் பெண், மைசூர்ப் பக்கம். தமிழை ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்துப் பேசுவாள். காகிதத்தில் சின்னச் சின்ன வட்டமாகப் போட்டு விளக்கினாள். உங்களை மாதிரி நூறு பேர் இருந்தால், பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையும், கரண்டு என்று சொல்கிற கதிர்வீச்சும் போதும். கீமோ கொடுத்தால் மேற்கொண்டு மூன்று நாலு பேருக்கு நோய் திரும்பி வராமல் தடுக்கும். அந்த மூன்று நாலு பேர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. உங்கள் கட்டி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. போடு என்றும் அடித்துச் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது.

"முடி கொட்டும், வாந்தி இருக்கும், காய்ச்சல் வந்தா ஜாக்கிரதையா இருக்கணும். இதெல்லாம் தாங்கிக்கிட்டு அந்தப் பலன் வேணுமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்மா. போட்டுக்கலாமா?"

மயிலாத்தாளுக்கு வயது ஐம்பத்தாறு. அவளை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. எந்த மாப்பிள்ளை என்று கேட்கவில்லை, எத்தனை பிள்ளை என்று கேட்கவில்லை, எந்த இடத்தில் போர்வெல் போடலாம் என்று கேட்டதே இல்லை. போட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் உள்ளே பட்டென்று தோன்றியது. அந்தச் சனியன் திரும்பி வரக் கூடாது. அவளுக்கு உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பெரிய படிப்புப் படித்த ஒருத்தி கையில் வைத்துக்கொண்டு நீட்டுகிற பொருளை எடுத்த எடுப்பில் எப்படிப் பிடுங்கிக்கொள்வது? நாக்கு தன் பழக்கத்துக்குப் பேசிவிட்டது.

"எனக்கெதுக்குங்க டாக்டர் அதெல்லாம். வேண்டாங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அட, அப்படிச் சொல்லாதீங்க, போட்டுக்கத்தான் வேணும் என்று இந்தப் பெண் சொல்லும், வீட்டுக்காரர் அதட்டுவார், தானும் இரண்டு தடவை மறுத்துவிட்டுத் தலையை ஆட்டலாம் என்று இருந்தாள்.

"சரிம்மா," என்றாள் சைத்ரா. "உங்க முடிவை நாங்க மதிக்கிறோம். அவசரம் இல்ல, ஆனா ரொம்பத் தள்ளிப்போட்டா பலன் குறையும். ரெண்டு வாரம் யோசிச்சுட்டு வாங்க."

கந்தப்பன் எழுந்து கும்பிட்டார். வெளியே வந்தார்கள். மயிலாத்தாளுக்குப் பந்தியில் பாதியில் எழுப்பி விட்ட மாதிரி இருந்தது.

சரி, வீட்டுக்குப் போய்ச் சொல்வார், நாலு பேர் எதிரில் வேண்டாம் என்று இருக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கை கால் கழுவினார். அரிசியும்பருப்புச் சோறு தின்றார். டிவி பார்த்தார். அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. தேங்காய் வெட்டு ஆள் வராததைப் பற்றிப் பேசினார், ஊர்க் கோயில் நோம்பியைப் பற்றிப் பேசினார். அவள் கிட்டே வந்து உட்கார்ந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் போடப் போய்விடுவார். ஊரானுக்கெல்லாம் மறு இட்லி வைத்த மனுசனுக்குக் கட்டின பொண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா?

ஒருநாள் அவளே தூண்டில் போட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க, அந்தக் கீமோ விசியத்த நெனச்சாத்தான் ஒரு மாதிரி இருக்குது."

"நீதான் வேண்டாம்னு சொல்லிப்போட்டியே புள்ள," என்றார், வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே.

"சொன்னனுங்க."

"உன்ற ஒடம்பு. உனக்குத் தெரியாதா?"

அதற்கு மேல் என்ன பேசுவது? அவளுக்குத் தெரியாது என்பதுதானே விசயமே. மனசு பொக்கென்று போயிற்று.

மகள் வர்ஷினி சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். படித்த பெண், கெட்டிக்காரி, அம்மா மேல் உயிர். சனிக்கிழமை வந்தாள். அவளாவது பிடித்து உலுக்குவாள் என்று மயிலாத்தாள் சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வர்ஷினி தின்றுவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் நிறையப் படிச்சேன். உங்க நெலமையில போட்டுக்கறதும் சரி, போட்டுக்காததும் சரி. உங்க ஒடம்பு, உங்க முடிவு. உங்கள யாரும் ஃபோர்ஸ் பண்றதுக்கு நான் விட மாட்டேன்."

"செரி கண்ணு."

"சின்னம்மா, பெரியம்மா எல்லாத்துக்கும் போன் பண்ணிச் சொல்லிப்போட்டேன். போடு, போடாதன்னு யாரும் அம்மாகிட்டப் பேசக் கூடாதுன்னு."

போச்சு. மிச்சமிருந்த வாய்களையும் அந்தப் பிள்ளை அன்பாகத் தைத்துவிட்டது. அதற்கப்புறம் வந்தவர்களெல்லாம் சாத்துக்குடியும் சத்துமாவு டப்பாவும் கொடுத்துவிட்டு மழையைப் பற்றிப் பேசினார்கள். வாயாடி என்று ஊரே பயப்படுகிற வர்ஷினியின் பெரியம்மாகூட, "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யி சாமி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். இத்தனை மரியாதையை மயிலாத்தாள் தன் ஆயுசில் கண்டதில்லை. ஒருத்தராவது மரியாதை கெட்டதனமாகத் திட்டினால் தேவலாம் என்று இருந்தது.

அவளே வாய் திறந்து கேட்டிருக்கலாமே என்றால், கேட்டிருக்கலாம்தான். எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது, போட்டுக்கொள்கிறேன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் அவளாகக் கேட்டு வாங்கி, முடி கொட்டி, படுத்த படுக்கையாகி, வீட்டையே ஆறு மாதம் தன்னைச் சுற்றி ஓட வைத்து, கடைசியில் ஒன்றும் இல்லாமல் போனால்? அந்த மூன்று நாலு பேரில் அவள் இல்லாமல் போனால்? ஆசைப்பட்டுக் கேட்டாயே என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவளே சொல்லிக்கொள்வாள். வேறொருத்தர் வற்புறுத்தி வாங்கிக்கொண்டால் அந்தப் பாரத்தில் பாதி அவர்கள் தலையில் இருக்கும். கூட ஒரு கை அவளுக்கு வேண்டியிருந்தது.

இரண்டு வாரம் ஓடிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று விடியக்காலம் மாட்டுக்குத் தட்டுப் போட்டுக்கொண்டே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். "போட்டுக்கறனுங்க டாக்டர்." நன்றாகத்தான் வந்தது. இன்னொரு தடவை சொன்னாள். மாடு திரும்பிப் பார்த்தது. எவன் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிப் புதுச் சேலை கட்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். பக்கத்து நாற்காலியில் தலையில் முக்காடும் வாயில் மாஸ்க்கும் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கோட்டைமேட்டுக்காரி, பெயர் நஃபீசா. இவளைப் போலவே மார்பில் கட்டி எடுத்தவள். கீமோ பாதி முடிந்துவிட்டது, இன்னும் பாதி இருக்கிறது. கேட்பதற்கு முன்பே கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"எனக்கு வேணாம்னுதாங்க்கா சொன்னேன். எங்க ஊட்டுக்காரரு உசுர வாங்கிட்டாரு. மூணு நாளு சோறு திங்கல தெரியுமா? கடையக் கூடத் தொறக்கல. நீ போட்டுக்கிட்டாத்தான் தொறப்பேன்னு பூட்டிட்டு வந்து உக்காந்துட்டாரு. சண்ட புடிச்சுத்தான் கூட்டிட்டு வந்தாரு. இப்ப வாந்தி எடுக்கறது ஆரு? நானுங்க்கா."

அவள் வீட்டுக்காரர் பீர் முகம்மது டீ வாங்கிக்கொண்டு வந்தார். மெலிந்த மனிதர், சட்டையில் தையல் நூல் ஒட்டியிருந்தது. "குடி" என்றார். வேண்டாம் என்றாள். "குடின்னாக் குடி. ஊசிக்கு முன்னால வயித்தக் காயப் போடாத." அவள் முறைத்துக்கொண்டே மாஸ்க்கை இறக்கிக் குடித்தாள்.

மயிலாத்தாளுக்கு வயிறு எரிந்தது. புருவம்கூட உதிர்ந்துபோன அந்த முகத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிற பாவி உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று நினைத்தாள். இந்தப் பக்கம் திரும்பினாள். கந்தப்பன் முழங்காலில் கையை ஊன்றித் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டீ வேண்டுமா என்றுகூட அவர் கேட்கவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள்.

"யோசிச்சீங்களாம்மா?" என்றாள் சைத்ரா. "போன தடவை வேண்டாம்னீங்க. இப்பவும் அப்படித்தானா?"

சொல் வாயில்தான் இருந்தது. ஆனால் அதைத் துப்புவதற்கு முன்னால் வீட்டுக்காரரை ஒரு தடவை பார்த்தாள். கடைசியாக ஒரு சந்தர்ப்பம், அவருக்கு. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அவ மனசு எப்படியோ அப்படித்தானுங்க டாக்டர். நாங்க யாரும் வற்புறுத்தலீங்க."

அதை ஒரு பெருமை மாதிரிச் சொன்னார்.

சைத்ரா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள். "அம்மா, நான் உங்களைத்தான் கேக்கறேன். பயமா இருந்தா அதைச் சொல்லுங்க, பேசலாம். போட்டுக்கலாமா?"

இது இரண்டாம் தடவை. நல்ல பெண்தான், மனசு வைத்துத்தான் கேட்டாள். ஆனால் ஐம்பத்தாறு வருசத்துப் பழக்கம் ஒரு பெண்ணின் நல்ல மனசுக்காக அசைந்துவிடுமா? காலையில் மாட்டிடம் சொன்ன பேச்சு வெளியே வரவில்லை.

"இருக்கட்டுங்க," என்றாள்.

டாக்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மயிலாத்தாளும் பார்த்தாள். கேள் தாயே, இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுவிடு என்று குலதெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள்.

மூன்றாம் தடவை டாக்டர் கேட்கவில்லை. "சரிம்மா. மாத்திரை எழுதறேன். கரண்டுக்குத் தேதி சொல்லுவாங்க. இந்த வாரத்துக்குள்ள மனசு மாறினா கண்டிப்பா வாங்க," என்று சொல்லிப் பேனாவை எடுத்தாள். கந்தப்பன் எழுந்து கும்பிட்டார்.

கந்தப்பன் ஓட்டிய ஆம்னி வேன் உக்கடம் தாண்டியது, ஈச்சனாரி தாண்டியது. பொள்ளாச்சி ரோட்டில் லாரிகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு போயின. மலுமிச்சம்பட்டியை நெருங்கும்போது மயிலாத்தாள் வாய் திறந்தாள். என்ன தைரியத்தில் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. தைரியம் எதுவும் மிச்சம் இல்லாததால்தான் இருக்கும்.

"நான் போட்டுக்கலாம்னுதானுங்க இருந்தேன்."

வண்டி கொஞ்சம் ஆடியது. கந்தப்பன் ஓரம் கட்டினார். ஒரு இளநீர் வண்டி நின்றிருந்த இடத்தைத் தாண்டி, புழுதியில் நிறுத்தினார்.

"அப்பறம் எதுக்குப் புள்ள வேண்டாம்னே?"

"நீங்க ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு பாத்தனுங்க."

"நானா?"

"வேற ஆரு? மொதல் நாள்ல இருந்து பாத்துட்டுத்தான் இருக்கறேன். ஆரு வந்தாலும் இலையில வெச்சு அமுக்கறீங்க. எனக்கு ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்கறீங்க. நான் இருந்தா என்ன, போனா என்னன்னு இருக்கறீங்களான்னு..." அழுகை வந்துவிட்டது.

கந்தப்பன் ஸ்டியரிங்கை விடவில்லை. வண்டி நின்றிருந்தும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பழனாத்தா அக்காவ உனக்குத் தெரியுமல்லொ?"

தெரியாமல் என்ன? அவருடைய அக்காள், அவளுக்கு நங்கையாள். வயிற்றில் புற்று வந்து, கீமோ போட்டுக்கொண்டிருக்கும்போதே காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தவள். காரியத்துக்கு மூன்று நாளும் சமையல்கட்டில் நின்றது மயிலாத்தாள்தான்.

"அக்கா வேண்டாம்னுதான் சொல்லுச்சு," என்றார். "எனக்கு ஆவாது தம்பி, உட்ரு, இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்னுச்சு. மாமா கூடச் செரின்னுட்டாரு. நாந்தான் உடல. தெனமும் போயி உக்காந்துக்குவேன். கால்ல உழுந்தேன். உனக்கு ஒண்ணும் ஆவாது, நான் இருக்கறேன்னு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். கடைசி நாலு நாளு நான் போனா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கும். பேசவே இல்ல."

இத்தனை வருசத்தில் இதை அவர் சொன்னதில்லை. அக்காள் சாவுக்கு மற்றவர்கள் அழுத அளவுக்குத்தான் அவரும் அழுதார். மயிலாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அறுபத்திரண்டு வயது ஆள், பயந்துபோன பிள்ளை மாதிரி இருந்தார்.

"உன்கிட்டச் சொல்லோணும்னு வாய் வரைக்கும் வரும் புள்ள. அக்கா மூஞ்சி வந்து நிக்கும். நாஞ் சொல்லி, உனக்கும் அப்படி ஆயி, நீயும் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டீன்னா... வேண்டாம்னு நீயே சொன்னதும் எனக்கு உசுரு வந்துச்சு. அதான் நெசம். இப்பவும் என்னையவா சொல்லச் சொல்ற?"

அவளுக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வேண்டாம், நீங்கள் சொல்ல வேண்டாம் என்று சொல்லி அந்த மனுசனை விட்டுவிடத்தான் தோன்றியது. நல்ல பொண்டாட்டி அதைத்தான் செய்வாள். வண்டியை எடுத்தால் ஒத்தக்கால்மண்டபம், அப்புறம் வீடு, மாடு, மாத்திரை. எத்தனையோ பேர் அப்படியும் நன்றாக இருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும் என்று டாக்டரே சொன்னாள்.

ஆனால் அவளுக்குச் சாகப் பயமாக இருந்தது. போட்டுக்கொள்ளவும் பயமாக இருந்தது. இரண்டு பயத்தையும் தனியாகச் சுமக்க அவளால் ஆகாது.

"ஆமாங்க," என்றாள். "நீங்கதான் சொல்லோணும்."

இளநீர்க்காரன் இவர்கள் இறங்குவார்களோ என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தான். பிறகு கந்தப்பன் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, அவள் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"போட்டுக்க."

குரல் பாதிக்கு மேல் வெளியே வரவில்லை. அவள் காத்திருந்தாள். அவர் மூச்சை இழுத்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார்.

"போட்டுக்க மயிலு. ஆனா ஒண்ணும் ஆவாதுன்னு மட்டும் என்னையச் சொல்லச் சொல்லாத. அத ஒருக்காச் சொல்லிப்போட்டேன்."

"செரிங்க. அதச் சொல்ல வேண்டாங்க."

நடுவில் தடுப்புச்சுவர் ஓடிற்று. அங்கேயே ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்ப வழியில்லை. வீட்டுப் பக்கமே கொஞ்ச தூரம் போய்த்தான் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பியதும் வெயில் ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது. இத்தனை நாளும் ஏங்கிய வார்த்தை கிடைத்துவிட்டது. கிடைத்ததும் லேசாகிவிடும் என்று நினைத்திருந்தாள், ஆகவில்லை. பாரம் பாதியாகவில்லை, அவருக்கும் அதே அளவு ஏறிவிட்டது, அவ்வளவுதான். அவள் கையை நீட்டி, கியர் மேல் இருந்த அவர் கையைப் பிடித்தாள். அது சில்லிட்டிருந்தது. அவளுடையதும் அப்படித்தான் இருந்தது.